புதுக் கொழுப்பு முளைக்கும் இடம்

1998ஆம் ஆண்டு, அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் சார்ல்ஸ் வின்சன், மார்க் ரைட்மன் ஆகியோரின் குழு ஒரு புதுவகைச் சுண்டெலியை உருவாக்கியது. ஒரு செல் கொழுப்புச் செல்லாக மாறுவதற்கு வேண்டிய மரபணுக்களை இயக்கும் புரதங்கள் சில உண்டு. அவற்றை முடக்கும் செயற்கைப் புரதம் ஒன்று இந்த எலிகளின் கொழுப்புத் திசுவில் சுரக்கும்படி மரபணுவை மாற்றியிருந்தார்கள். விளைவாக, வெள்ளைக் கொழுப்பு ஏறத்தாழ அறவே இல்லாத உயிர் பிறந்தது. கொழுப்பே இல்லையென்றால் ஒல்லியான, நோயற்ற விலங்கைத்தான் நம்மில் பலர் எதிர்பார்ப்போம். பிறந்ததோ கடுமையான நீரிழிவு கொண்ட எலி. கல்லீரல் கொழுப்பேறிப் பெருத்தது. இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பமிலங்களும் உயர்ந்தன. இன்சுலின் வழக்கத்தைவிடப் பல மடங்கு சுரந்தும் பயன்படவில்லை. பல எலிகள் இளமையிலேயே மடிந்தன.

இரண்டு ஆண்டுகள் கழித்து ரைட்மனின் குழு, இயல்பாகப் பிறந்த உடன்பிறப்பு எலிகளின் கொழுப்புத் திசுவை எடுத்து இவற்றின் தோலுக்கடியில் பதித்தது. சில வாரங்களில் சர்க்கரை இறங்கியது, இன்சுலின் அளவு குறைந்தது, தசைகள் மறுபடி இன்சுலினுக்குச் செவிசாய்த்தன. பதித்த கொழுப்பின் அளவு கூடக்கூடப் பலனும் கூடியது. அடுத்து நடந்த சோதனை இன்னும் கூர்மையானது. லெப்டின் ஹார்மோனைச் சுரக்க இயலாத எலிகளின் கொழுப்பைப் பதித்துப் பார்த்தார்கள். நீரிழிவு தீரவில்லை. உணவில் மிஞ்சிய ஆற்றலை வாங்கிவைக்க ஓர் இடம் மட்டும் இருந்தால் போதாது. எவ்வளவு இருப்பு உள்ளது என்று மூளைக்கும் கல்லீரலுக்கும் தசைக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும் சுரப்பியாகவும் அந்தத் திசு வேலை செய்ய வேண்டும்.

முழுத் திசுவைப் பதிப்பது ஒன்று. திசுவாக ஆகப்போகும் செல்லை மட்டும் பதிப்பது வேறொன்று. 2008இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வகம் அந்த இரண்டாவதைச் செய்து காட்டியது. 1994இல் லெப்டினைக் கண்டறிந்ததும் இதே ஆய்வகம்தான். மேத்யூ ரோடஹெஃபரும் அவருடைய சகாக்களும் எலியின் கொழுப்புத் திசுவை நொதியால் கரைத்து, செல்களின் மேற்பரப்பில் உள்ள புரதங்களைக் கொண்டு அவற்றை வகைவகையாகப் பிரித்தார்கள். சிடி24 என்னும் புரதத்தைத் தாங்கிய ஒரு சிறுபான்மை வகை தனித்து நின்றது. அந்தச் செல்களை மட்டும், கொழுப்பற்ற அந்த எலிகளில் கொழுப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் செலுத்தினார்கள். அங்கே இயல்பான கொழுப்புப் படலம் உருவானது. எலியின் நீரிழிவும் தீர்ந்தது.

கொழுப்பை அகற்றுவது பற்றி உலகம் பேசாத நாளில்லை. கொழுப்பை உண்டாக்குவது பற்றிய ஆய்வு அதற்கு நேர் எதிர்த்திசையில், பெரும்பாலும் பொதுக் கவனத்துக்கு வெளியே, அரை நூற்றாண்டாக நடந்துவருகிறது. மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை இழந்த பெண், விபத்திலோ தீயிலோ முகத்தின் ஒரு பக்கம் குழிந்துபோனவர், பிறவியிலேயே கொழுப்புத் திசு இல்லாத குழந்தை: இவர்கள் எல்லாருக்கும் தேவைப்படுவது அந்த ஆய்வு தேடும் பொருள்தான். அந்தத் தேடலைத் தொடர்ந்து வாசித்து வந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்று உண்டு. பதித்த இடத்தில் கடைசியில் நிலைப்பது கொண்டுபோய் வைத்த கொழுப்பு அல்ல. அதோடு போன, கொழுப்பாக ஆகப்போகும் முன்னோடிச் செல்கள் அங்கே புதிதாக உருவாக்குவதுதான். அவை எதையாவது உருவாக்குமா என்பதைத் தீர்மானிப்பது இரத்தக் குழாய்.

முன்னோடிச் செல்லைப் பற்றி அறியத் தொடங்கியதே தற்செயலாகத்தான். 1960களின் தொடக்கத்தில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் டொடாரோவும் ஹோவர்ட் கிரீனும் எலிக் கருவின் இணைப்புத் திசுச் செல்களை மூன்று நாளுக்கு ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்றி மாற்றி வளர்த்து, முடிவில்லாமல் பெருகும் ஒரு செல் வம்சத்தைப் பெற்றார்கள். பின்னர் கிரீன் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தபோது, அந்த வம்சத்தின் சில கிளைகள் தட்டு நிறையப் பரவிப் பெருக்கத்தை நிறுத்தியதும் உள்ளே எண்ணெய்த் துளிகளைச் சேர்க்கத் தொடங்குவதைக் கவனித்தார். ஒதுக்கித்தள்ளியிருக்கக்கூடிய ஒரு காட்சி அது. அவர் அந்தக் கிளைகளைத் தனியே பிரித்து வளர்த்தார். கொழுப்பு உயிரியலின் பெரும்பகுதி இன்றும் அவர் பிரித்த செல்களைக் கொண்டே படிக்கப்படுகிறது. தீக்காயம் பட்டவர்களுக்காகத் தோல் செல்களை ஆய்வகத்தில் தாளாக வளர்த்துப் போர்த்தும் முறையைத் தந்தவரும் இதே கிரீன்தான் என்பதைச் சொல்லாமல் கடக்க மனமில்லை.

1979இல் கிரீனும் அவருடைய கூட்டாளி கெஹிண்டேயும் அந்தக் கிளைகளின் முன்கொழுப்புச் செல்களை, தைமஸ் சுரப்பி இல்லாததால் அந்நியத் திசுவை மறுக்க இயலாத எலிகளின் தோலுக்கடியில் ஊசியால் செலுத்தினார்கள். செலுத்தும்போது அவற்றில் எண்ணெய் இல்லை. பார்ப்பதற்குச் சாதாரண இணைப்புத் திசுச் செல்கள்தான். சில வாரங்கள் கழித்து அந்த இடத்தைத் திறந்தபோது, இரத்தக் குழாய்கள் ஊடுருவிய இயல்பான கொழுப்புத் திண்டு அங்கே இருந்தது. முன்னோடிச் செல்லை நட்டுப் புதுக் கொழுப்புத் திசுவை வளர்க்கும் முயற்சிக்கு அடித்தளம் இந்தச் சோதனை.

இதன் முழுப் பொருள் பதினெட்டு ஆண்டுகள் கழித்துத் துலங்கியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் லேன் குழு 1997இல் ஒரு புதிரை எடுத்துக்கொண்டது. தட்டில் வளர்ந்து எண்ணெய் நிறைந்த கொழுப்புச் செல்கள் லெப்டினை மிக மிகக் குறைவாகவே உண்டாக்குகின்றன. உடலுக்குள் இருக்கும் கொழுப்போடு ஒப்பிட்டால் அது பொருட்படுத்தத் தகாத அளவு. அதே செல்களைத் தோலுக்கடியில் பதித்து, அவை திண்டாக வளர்ந்த பிறகு அளந்தபோது, லெப்டின் மரபணுவின் இயக்கம் உடற்கொழுப்பின் அளவுக்கு உயர்ந்திருந்தது. நாற்றங்காலில் எவ்வளவு செழித்தாலும் நாற்று கதிர் தள்ளுவதில்லை. வயலில் நட்ட பிறகுதான் அது நெற்பயிர். கொழுப்புச் செல்லும் அப்படியே. எண்ணெய் சேர்ந்துவிட்டதாலேயே அது கொழுப்புத் திசு ஆகிவிடாது. உடலின் இரத்த ஓட்டமும் நரம்பும் அண்டைச் செல்களும் சேர்ந்துதான் அதை ஆக்குகின்றன.

அப்படியானால் உடலில் இந்த முன்னோடிச் செல்கள் குடியிருப்பது எங்கே? ரோடஹெஃபரின் ஆய்வு வெளிவந்த அதே 2008இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தென்மேற்கு மருத்துவ மையத்தில் ஜொனாதன் கிராஃபின் குழு இதற்கு விடை தந்தது. கொழுப்புத் திசுவுக்குள் ஓடும் சிறு இரத்தக் குழாய்களின் சுவரில், குழாயை வெளிப்புறமாக அணைத்திருக்கும் செல்களோடு அவை இருக்கின்றன. வேறு உறுப்புகளின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் அவை தென்படவில்லை. கொழுப்புத் திசுவில் குழாயும் கொழுப்புச் செல்லும் ஒரே குடும்பம்போல் சேர்ந்தே வளர்வதற்கான காரணம் இதில் இருக்கிறது. முதிர்ந்த கொழுப்புச் செல் ஒவ்வொன்றும் ஒரு நுண்குழாயையாவது ஒட்டியே அமைந்திருக்கும்.

வயது வந்தவர்களின் உடலிலும் இந்தச் செல்கள் ஓயாமல் வேலை செய்கின்றன என்பதை நிறுவிய ஆய்வு, அறிவியல் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வுகளில் ஒன்று. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் வெடித்த அணுகுண்டுகள் வளிமண்டலத்தில் கார்பன்-14இன் அளவை உயர்த்தின. அத்தகைய சோதனைகளைத் தடைசெய்த 1963ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் அந்த அளவு ஆண்டுதோறும் சீராக இறங்கிவந்தது. செல் பிறக்கும் நாளில் காற்றிலிருந்த கார்பன்-14இன் அளவு, தாவரம் வழியாகவும் உணவு வழியாகவும் அந்தச் செல்லின் டிஎன்ஏவில் பதிந்துவிடும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா கழகத்தைச் சேர்ந்த கிர்ஸ்டி ஸ்பால்டிங், யோனாஸ் ஃப்ரீசன், பீட்டர் ஆர்னர் ஆகியோர் மனிதக் கொழுப்புச் செல்களின் பிறந்த தேதியை இவ்வாறு கணித்து 2008இல் வெளியிட்டார்கள். வயதுவந்தவரின் கொழுப்புச் செல்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10% இறந்து, அதே அளவு புதிதாகப் பிறக்கின்றன. செல்களின் மொத்த எண்ணிக்கை குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் நிர்ணயமாகிவிடுகிறது. இரைப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் உடல் வெகுவாக மெலிந்தவர்களிடமும் எண்ணிக்கை குறையவில்லை, செல்கள் சுருங்கியிருந்தன. மனித இனம் தன்னை அழித்துக்கொள்ளத் தயாரித்த நஞ்சு, அதன் உடலைப் பற்றிய ஓர் உண்மையை இப்படித் தேதியிட்டுக் கொடுத்திருக்கிறது.

அறுவை மருத்துவர்கள் இதையெல்லாம் அறியாமலே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கொழுப்பை இடம் மாற்றிவந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் குஸ்தாவ் நொய்பர் 1893இல் கையிலிருந்து எடுத்த கொழுப்பால் முகத்தில் கண் அருகே இருந்த தழும்புக் குழியை நிரப்பினார். சிறு துண்டுகளே பிழைக்கின்றன, பெரியவை நிலைப்பதில்லை என்பதையும் அவர் கண்டார். 1895இல் ஹைடல்பெர்க்கின் வின்சென்ஸ் செர்னி, கட்டி அகற்றிய மார்பகத்தின் பள்ளத்தை நோயாளியின் முதுகிலிருந்த கொழுப்புக் கட்டியைக் கொண்டு நிரப்பினார். 1950இல் அமெரிக்க மருத்துவர் லிண்டன் பியர், பதித்த கொழுப்பு ஓராண்டில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடுவதை எடைபோட்டுக் காட்டினார். மீதிப் பாதி, இடமாற்றத்தைத் தாங்கி உயிரோடிருக்கும் பழைய செல்களே என்பது அவர் கொள்கை. பல பத்தாண்டுகளாகப் பாடநூல்கள் அதையே சொல்லின.

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கோத்தாரோ யோஷிமுரா குழு அந்தக் கொள்கையைப் புரட்டிப்போட்டது. எலியின் கொழுப்பை எடுத்து அதே எலியில் பதித்து, நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்த அவர்களுடைய 2012ஆம் ஆண்டு ஆய்வில், பதித்த முதல் நாளிலிருந்தே முதிர்ந்த கொழுப்புச் செல்கள் பெருவாரியாக இறந்தன. விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு ஆழத்துக்குள் இருந்தவை மட்டுமே பிழைத்தன. அதற்கு உள்ளே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பட்டையில் கொழுப்புச் செல்கள் இறந்தாலும், ஆக்சிஜன் குறைவைத் தாங்கக்கூடிய முன்னோடிச் செல்கள் சில நாள்கள் உயிரோடிருந்தன. இரத்தக் குழாய் உள்ளே வந்து சேர்ந்ததும் அவை பெருகி, இறந்தவற்றின் இடத்தில் புதுக் கொழுப்புச் செல்களை உண்டாக்கின. அதற்கும் உள்ளே எல்லாமே மடிந்து, எண்ணெய்க் குழியாகவோ தழும்பாகவோ முடிந்தது. நிலைத்ததில் பெரும்பகுதி இடம் மாறிவந்த கொழுப்பே அல்ல. அங்கேயே புதிதாகப் பிறந்தது.

முன்னோடிச் செல்கள்தான் இதைச் செய்கின்றன என்றால், அவற்றைக் கூடுதலாகச் சேர்த்துக்கொடுத்தால் என்ன? உறிஞ்சியெடுத்த கொழுப்பில் பாதியைக் கரைத்து, அதிலிருந்து பெறும் செல்களை மறுபாதியோடு கலந்து பதிக்கும் முறையை யோஷிமுரா குழுவே 2006இல் முன்வைத்திருந்தது. கொழுப்புத் திசுவைக் கொலாஜனேஸ் நொதியால் கரைத்துச் செல்களைப் பிரிக்கும் வித்தை 1964இலேயே மார்ட்டின் ரோட்பெல் தந்தது. எண்ணெய் நிறைந்த செல்கள் மேலே மிதக்கும், மற்றவை அடியில் படியும். அடியில் படிந்ததில்தான் முன்னோடிகள் இருக்கின்றன. அவை எலும்பாகவும் குருத்தெலும்பாகவும்கூட மாறக்கூடியவை என்று 2001இல் பட்ரீஷியா சூக்கும் கூட்டாளிகளும் அறிவித்தபின், கொழுப்பு உறிஞ்சலில் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்த பொருளுக்குத் திடீரென மதிப்பு வந்தது.

மனிதரில் இதைத் துல்லியமாக அளந்த முதல் சோதனைகளில் ஒன்று கோபன்ஹேகனில் நடந்தது. 2013இல் லான்செட் இதழில் வெளிவந்த அந்த ஆய்வில் ஆரோக்கியமான பத்துப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரின் வயிற்றுக் கொழுப்பிலிருந்தும் முன்னோடிச் செல்களைப் பிரித்து இரண்டு வாரம் ஆய்வகத்தில் பெருக்கினார்கள். பிறகு மறுபடி கொழுப்பு எடுத்து, ஒரு மேற்கையின் பின்புறத்தில் 30 மில்லிலிட்டர் வெறுங்கொழுப்பும், மற்றக் கையில் அதே அளவு செறிவூட்டிய கொழுப்பும் பதித்தார்கள். செறிவு மில்லிலிட்டருக்கு 2 கோடி செல்கள், அதாவது ஒரு பதியத்துக்கு 60 கோடி. 121 நாள் கழித்து எம்.ஆர்.ஐ. மூலம் அளந்தபோது செறிவூட்டியதில் 80.9% மீந்திருந்தது. வெறுங்கொழுப்பில் 16.3% மட்டுமே.

இந்த வித்தியாசம் பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் 16.3 என்ற எண்ணிடம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 30 மில்லிலிட்டர் கொழுப்பை ஓர் உருண்டையாக எண்ணிக்கொண்டால் அதன் ஆரம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் ஆழம் வரையுள்ள ஓடு மொத்தக் கன அளவில் ஏறத்தாழ 15%. எலியில் கண்ட எல்லைகளை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும் வெறுங்கொழுப்பில் மீந்தது, புது இரத்தக் குழாய் உரிய காலத்தில் எட்டக்கூடிய அந்த ஓட்டின் அளவோடு நெருங்கி நிற்கிறது. நல்ல அறுவை மருத்துவர் கொழுப்பை இப்படி ஒரே கட்டியாக வைப்பதில்லை. மெல்லிய இழைகளாகப் பல அடுக்குகளில் பரப்புவார். அதே டேனிஷ் குழு பின்னர் மார்பகத்தில் செய்து 2020இல் வெளியிட்ட சோதனையில் செறிவூட்டிய கொழுப்பு ஏறத்தாழ அதே 80% நிலைத்தது. வெறுங்கொழுப்போ 45% நிலைத்தது. செல்களைச் சேர்ப்பதால் பலன் உண்டு என்பதை இரண்டும் காட்டுகின்றன. அந்தப் பலன் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது, எதிரே வைத்து ஒப்பிடும் பதியம் எவ்வளவு மோசமாக மூச்சுத்திணறியது என்பதைப் பொறுத்தது. விளம்பரங்களில் முதல் எண் மட்டுமே வருவதை நான் நேர்மையாகக் கருதவில்லை.

சேர்த்த செல்கள் அனைத்தும் கொழுப்பாக மாறித்தான் இந்தப் பலன் வருகிறதா? அப்படித் தோன்றவில்லை. அவை சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் இரத்தக் குழாயை வேகமாக உள்ளே இழுப்பது பலனில் ஒரு முக்கியப் பகுதி. ஏற்கும் உடலின் சொந்த முன்னோடிகளும் வந்து சேர்கின்றன. ஜப்பானின் நகோயா குழு 1998இல் வெளியிட்ட சோதனை இதற்கு வலுவான சான்று. அடித்தளச் சவ்வுப் புரதங்களாலான கூழையும் ஒரு வளர்ச்சிக் காரணியையும் எலியின் தோலுக்கடியில் செலுத்தினார்கள். ஒரு செல்கூடச் சேர்க்கவில்லை. எலியின் சொந்தச் செல்கள் அதற்குள் குடியேறிப் புதுக் கொழுப்புத் திண்டை உருவாக்கின.

சாரம் கட்டி அதில் செல்களை ஏற்றிப் பதிக்கும் பொறியியல் வழி, தொடக்கத்தில் தந்த நம்பிக்கைக்கு ஈடான பலனைத் தரவில்லை. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் சார்ல்ஸ் பாட்ரிக், மார்பகம் இழந்த பெண்களை மனத்தில் வைத்தே இதைத் தொடங்கினார். கரைந்துபோகும் அறுவை நூலுக்குப் பயன்படும் வகைப் பாலிமரில் நுண்துளைச் சாரம் செய்து, எலியின் முன்கொழுப்புச் செல்களை ஏற்றி எலியிலேயே பதித்தார். கொழுப்பு உருவானது. இரண்டாம் மாதத்தில் உச்சத்தை எட்டியது. பிறகு தேய்ந்து, ஆண்டு முடிவதற்குள் இல்லாமலே போயிற்று. சாரம் கரைந்த வேகத்துக்கு ஈடாகத் திசு தன் காலில் நிற்கவில்லை. 2002இல் அவர் இந்தத் தோல்வியை மறைக்காமல் மாதவாரியாக வெளியிட்டது பின்னால் வந்தவர்களுக்குப் பெரிய உதவி. குறுகிய காலச் சோதனைகளை மட்டும் நம்பக் கூடாது என்று அந்தத் துறை கற்றது அதிலிருந்துதான்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் வேய்ன் மாரிசன் இரத்தக் குழாயிலிருந்தே தொடங்கினார். முதலில் குழாய், அதைச் சுற்றி வெற்றிடம் என்பது அவர் முறை. தமனியும் சிரையும் அறுபடாமல் ஒட்டியிருக்கும் ஒரு சிறு கொழுப்பு மடலை, துளையிட்ட கவிகை போன்ற கூண்டுக்குள் வைத்துத் தோலுக்கடியில் பதிப்பார். கூண்டு சுற்றுத் திசுவின் அழுத்தத்தைத் தடுப்பதால், உள்ளிருக்கும் மடலின் சொந்த முன்னோடிகள் வெற்றிடத்தை நிரப்பும்படி பெருகும். பன்றிகளில் நன்றாக வளர்ந்தது. மார்பகம் அகற்றிய ஐந்து பெண்களிடம் செய்த சோதனையின் முடிவு 2016இல் வெளிவந்தது. ஒருவரிடம் மட்டும் 210 மில்லிலிட்டர் அளவுக்கு வளர்ந்து கூண்டை நிரப்பியது. மற்ற நால்வரிடம் அப்படி வளரவில்லை. ஐந்தில் ஒன்று என்பதை வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆயினும் மனித உடலில் மார்பக அளவுக்குக் கொழுப்புத் திசுவை வளர்க்க முடியும் என்பதற்கு அந்த ஒரு பெண்ணின் உடல் சான்று.

இதுவரை சொன்னது பள்ளத்தை நிரப்பும் கதை. என் மனம் அதிகம் நாடுவது இன்னொன்றை. புதுக் கொழுப்புச் செல்லே நீரிழிவுக்கு மருந்தாகலாம் என்பது அது. இதைப் பித்தென்று தள்ளுபவர்களுக்கு, நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் சாதாரணமாக இடம்பெறும் பயோகிளிட்டசோன் மாத்திரையை நினைவூட்டுவேன். முன்னோடிச் செல்லைக் கொழுப்புச் செல்லாக்கும் தலைமைப் புரதமான பிபிஏஆர்-காமாவை, ஹார்வர்டில் புரூஸ் ஸ்பீகல்மனும் பீட்டர் டொன்டோனோஸும் 1994இல் இனங்கண்டார்கள். பயோகிளிட்டசோன் இயக்குவது அந்தப் புரதத்தைத்தான். அந்த மாத்திரையை எடுப்பவருக்கு எடை கொஞ்சம் கூடும், சர்க்கரை இறங்கும். கல்லீரலில் தேங்கிய கொழுப்பு குறைந்து தோலுக்கடிக் கொழுப்பு கூடும். இன்னும் தீவிரமான சான்று பிலிப் ஷேரரின் ஆய்வகத்திலிருந்து 2007இல் வந்தது. லெப்டின் இல்லாத பருத்த எலிகளில் அடிப்போனெக்டின் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கச் செய்தபோது அவை இன்னும் வெகுவாகப் பருத்தன. ஆனால் நீரிழிவு விலகியது. தோலுக்கடியில் புதுச் செல்கள் பிறந்து கொழுப்பை வாங்கிக்கொண்டதால் கல்லீரல் தப்பியது.

தெற்காசியர்களாகிய நாம் இங்கே நேரடியாகச் சம்பந்தப்படுகிறோம். 2004இல் லான்செட்டில் புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீட்டெண் ஒன்றே, 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1%, யாக்னிக்கின் உடலில் 21.2%. பின்னர் வந்த ஆய்வுகள், தெற்காசியர்களின் தோலுக்கடிக் கொழுப்புச் செல்கள் ஐரோப்பியர்களுடையதைவிடப் பெரிதாக உப்பியிருப்பதையும், கல்லீரலில் கொழுப்பு கூடுதலாக இருப்பதையும் காட்டின. இருக்கும் செல்கள் கொள்ளளவுக்கு மேல் உப்பியபின் மிச்சம் கல்லீரலுக்கும் தசைக்கும் வழிகிறது என்பது ஒரு விளக்கம். அது முழுமையாக நிறுவப்படவில்லை. ஆனால் நம்மில் மெலிந்தவர்களுக்கும் சர்க்கரை நோய் வருவதைக் கண்டு திகைக்கும் எவரும் அதைப் புறந்தள்ள முடியாது.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சில்வியா கொர்வேரா இரத்தக் குழாய், நீரிழிவு என்ற இரண்டு இழைகளையும் சேர்த்துப் பின்னினார். மனிதக் கொழுப்பின் சிறு துணுக்குகளைக் கூழில் வைத்து, அவற்றிலிருந்து நுண்குழாய்களைத் துளிர்க்கவிட்டார். குழாயோடு சேர்ந்து முன்னோடிகளும் ஆய்வகத்திலேயே பன்மடங்கு பெருகின. அவற்றை ஆற்றலை வெப்பமாக எரிக்கும் பழுப்புச் சாயல் கொண்ட கொழுப்புச் செல்களாக மாற்றி எலிகளில் பதித்தபோது, எலிகளின் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டது. 2016இல் வெளிவந்த இந்த ஆய்வு நடந்தது எலியில்தான். ஆனால் பதித்த செல்கள் மனிதருடையவை.

இவ்வளவு தூரம் நிதானமாக நடக்கும் ஆய்வின் பெயரைச் சொல்லி அவசரமாகப் பணம் பறிப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் விழித்திரைத் தேய்வுள்ள மூன்று பெண்களின் கண்களுக்குள் அவர்களுடைய வயிற்றுக் கொழுப்பிலிருந்து பிரித்த செல்களைச் செலுத்தினார்கள். மூவரும் பார்வையைப் பெருமளவு இழந்ததை 2017இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. கொழுப்பு உருவாக வேண்டிய இடத்துக்குரிய செல்லைக் கண்ணுக்குள் விட்டால் அது என்ன செய்யும் என்று யாரும் சோதித்திருக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள், இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை வகைச் சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை ஒப்புதல் பெற்ற ஆய்வுக்கு வெளியே வழங்குவதை ஏற்கவில்லை. மூட்டுவலிக்கும் முடி உதிர்வுக்கும் கொழுப்புச் செல் ஊசி போடுகிறோம் என்று அழைப்பவர்களிடம் வாசகர் முதலில் கேட்க வேண்டியது, எந்த ஆய்வின் கீழ், எந்த நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு என்பதைத்தான். புற்றுநோய் பற்றிய கேள்வியும் திறந்தே இருக்கிறது. குழாயை இழுக்கும் செல் கட்டிக்கும் குழாயை இழுக்கும். கொழுப்புத் திசுவின் செல்கள் கட்டியின் வளர்ச்சிக்கு உதவுவதை எலிச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆகவே மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களிடம் இதைச் செய்யும்போது ஆண்டுக்கணக்கான கண்காணிப்பைக் கைவிடக் கூடாது.

இந்தச் சிகிச்சை யாருக்கு மிக அவசரமோ அவர்களிடம்தான் அது மிகக் கடினம். பிறவியிலேயே கொழுப்புத் திசு உருவாகாத ஒரு நோய் உண்டு. 1954இல் பிரேசிலின் பெரார்டினெல்லியும் 1959இல் நார்வேயின் சைப்பும் அதை விவரித்தார்கள். அந்தக் குழந்தைகள் வின்சனின் எலிகளைப் போலவே கொழுப்பேறிய கல்லீரலோடும் அடங்காத நீரிழிவோடும் வளர்கிறார்கள். 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மெட்ரெலெப்டின் என்னும் ஊசி மருந்து லெப்டினை ஈடுசெய்து அவர்களுக்குப் பெரிய ஆறுதல் தந்திருக்கிறது. ஆனால் ஹார்மோனைத்தான் அது கொடுக்கிறது, கொழுப்பு தங்குவதற்கான இடத்தைக் கொடுப்பதில்லை. ஊசியும் தினமும் போட வேண்டும். அவர்களுடைய சொந்த முன்னோடிச் செல்லை எடுத்துப் பெருக்கிப் பதிக்கலாம் என்றால், கொழுப்பை உருவாக்கவும் துளியாகச் சேர்க்கவும் வேண்டிய மரபணுவிலேயே பழுது. எத்தனை கோடி செல்கள் பெருக்கினாலும் அத்தனையிலும் அதே பழுது இருக்கும். வேறொருவரின் செல்லைப் பதித்தால் வாழ்நாள் முழுதும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து வேண்டும். பழுதை மரபணுத் திருத்தத்தால் சரிசெய்து அவர்களுடைய செல்லையே திருப்பித் தருவதுதான் செல்லத்தக்க வழி என்று நினைக்கிறேன். அப்படித் திருத்தும்போது எண்ணெய் சேர்த்து முடித்த செல்களைத் தருவதில் பயனில்லை. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் அவை இறந்துவிடும். திருத்திய செல்களில் ஒரு பகுதியாவது இரத்தக் குழாய்ச் சுவரில் முன்னோடியாகவே தங்கி, இறப்பவற்றுக்கு ஈடாக ஆண்டுதோறும் புதியவற்றை உண்டாக்கிக்கொண்டிருக்க வேண்டும்.